கொலாஜன் என்றொரு குடை

எக்ஸ் கதிர் வந்த புதிதில் அதை அளக்கக் கருவி எதுவும் கிடையாது. தோல்தான் கருவி. கதிர்க்குழாயை எவ்வளவு தூரத்தில், எத்தனை நிமிடம் வைத்தால் தோல் சிவக்கிறது என்று பார்ப்பார்கள். சிவந்துவிட்டால் அதுவே ஓர் அளவு. 1920 வாக்கில் ஜெர்மனியின் எர்லாங்கன் நகரத்து மருத்துவர்கள் இதை ஒரு வாய்ப்பாடாகவே ஆக்கிவைத்திருந்தார்கள். கார்சினோமா வகைப் புற்றுக்கு ஒரு முழு 'சிவப்பு அளவு', சார்கோமாவுக்கு அதில் அறுபது எழுபது விழுக்காடு போதும் என்ற மாதிரி. 1928இல் ஸ்டாக்ஹோமில் கூடிய கதிரியல் மாநாடு 'ராண்ட்ஜன்' என்ற அலகை ஏற்றுக்கொண்ட பிறகுதான் தோல் அந்த வேலையிலிருந்து மெல்ல ஓய்வுபெற்றது.

இந்த முறைக்குள் யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஓர் அனுமானம் இருந்தது. எல்லாருடைய தோலும் கிட்டத்தட்ட ஒன்றுதான் என்பது. அளவுகோலே நோயாளியாக இருந்தால் என்ன செய்வது என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. கேட்பதற்கு அந்த நோய்களுக்குச் சரியான பெயர்கூட அப்போது இல்லை.

அந்தப் பெயர் எப்படி வந்தது, வந்த பெயர் அரை நூற்றாண்டு கழித்து கதிர்வீச்சு அறையின் வாசலில் 'உனக்கு அனுமதி இல்லை' என்ற பலகையாக எப்படி மாறியது, அந்தப் பலகையில் பாதியை அழிக்க எவ்வளவு பாடு பட வேண்டியிருந்தது என்பதுதான் இந்தக் கட்டுரை. லூபஸ், ஸ்க்ளீரோடெர்மா போன்ற இணைப்புத்திசு நோய் உள்ள ஒருவருக்குப் புற்றுநோயும் வந்துவிட்டால், அவருக்குக் கதிர்வீச்சு கொடுக்கலாமா? நம்மூரில் 'கரண்ட் வைக்கிறது' என்று சொல்வார்களே, அதுதான். கேள்வி சின்னது. பதில் தேடிய வரலாறு அவ்வளவு சின்னதில்லை.

*

கதிர் சுடும் என்பது முதல் சில மாதங்களிலேயே தெரிந்துவிட்டது. ஹென்றி பெக்கரல் கியூரி தம்பதியிடம் கடன் வாங்கிய ரேடியம் குழாயைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு திரிந்தார். கொஞ்ச நாளில் பையை ஒட்டிய தோல் வெந்து புண்ணானது. பியேர் கியூரியோ வேண்டுமென்றே தன் கையில் ரேடியத்தை வைத்துக் கட்டிப் பார்த்தார். இருவரும் சேர்ந்து 1901இல் அதைக் கட்டுரையாகவும் எழுதினார்கள். எடிசனின் உதவியாளராக எக்ஸ்ரே குழாய்களோடு புழங்கிய கிளாரன்ஸ் டாலி 1904இல் இறந்துபோனார். இரண்டு கைகளையும் வெட்டியும் புற்று நிற்கவில்லை. எடிசன் அதற்குப் பிறகு அந்தப் பக்கமே போகவில்லை.

ஆனால் சுடுவதும் குணப்படுத்துவதும் ஒரே கதிர்தான் என்பதால், எவ்வளவு சுடலாம் என்பதே மருத்துவமாயிற்று. பாரிஸில் குளோத் ரெகோ செம்மறிக்கிடாக்களை வைத்து ஒரு பரிசோதனை செய்தார். கிடாவின் விரைக்கு ஒரே தடவையில் பெரிய அளவு கதிர் கொடுத்தால், விந்து உற்பத்தி நிற்பதற்குள் மேல்தோல் அழுகிவிடும். அதே கதிரைப் பிரித்துப் பிரித்துப் பல நாட்களில் கொடுத்தால் தோல் தாக்குப்பிடிக்கிறது, உள்ளே உற்பத்தியும் நிற்கிறது. வேகமாகப் பெருகும் செல்களுக்கு விரையும், புற்றுக்கட்டியும் ஒன்றுதான் என்ற கணிப்பு அது. அவருடைய சகா ஹென்றி கூத்தார் இதைத் தொண்டைப் புற்றுநோயாளிகளிடம் கொண்டுவந்தார். இன்றைக்கும் ஒரு நோயாளி வாரத்துக்கு ஐந்து நாள், ஐந்தாறு வாரம் என்று ஆஸ்பத்திரிக்கு நடையாய் நடப்பதற்குக் காரணம் அந்தக் கிடாக்கள்தான்.

இந்தப் பிரித்துக் கொடுக்கும் முறை எதை நம்பியிருக்கிறது என்று கவனிக்க வேண்டும். இன்று அடிபட்ட நல்ல திசு நாளைக்குள் தன்னைச் சரிசெய்துகொள்ளும் என்பதை. புற்றுக்கட்டிக்கும் நல்ல திசுவுக்கும் இருக்கும் அந்த ஒரு வித்தியாசத்தை வைத்துத்தான் மொத்த வைத்தியமும் ஓடுகிறது. நல்ல திசு பழுதுபார்ப்பதில் தடுமாறினால், அல்லது தேவைக்கு மேலே பழுதுபார்த்தால், கணக்கு பிசகிவிடும்.

1951 அக்டோபரில் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்து லண்டன் நகரில் கோபால்ட்-60 எந்திரத்தால் முதல் நோயாளிக்குச் சிகிச்சை தந்தார்கள். அந்தப் பத்தாண்டுகளின் பிற்பகுதியிலேயே நம்முடைய அடையாறு புற்றுநோய் நிறுவனத்துக்கும் கனடாவிலிருந்து அப்படியொரு எந்திரம் வந்துசேர்ந்தது. கோபால்ட் கதிரின் வீரியம் தோலில் உச்சமடையாது, அரை சென்டிமீட்டர் உள்ளே போய்த்தான் உச்சமடையும். ஆக தோல் தப்பித்தது. பழைய காலத்து மாதிரி முகமெல்லாம் வெந்துபோவது குறைந்தது. ஆனால் இதில் ஒரு சூதும் இருந்தது. தோல் சிவந்தவரைக்கும் மருத்துவருக்கு ஓர் எச்சரிக்கை மணி இருந்தது. இப்போது சேதம் உள்ளே போய்விட்டது, காலத்திலும் தள்ளிப்போய்விட்டது. சிகிச்சை முடிந்து ஆறு மாதம், இரண்டு வருடம், ஐந்து வருடம் கழித்து, கதிர் பட்ட இடம் கெட்டியாகி, சுருங்கி, தோல்பட்டைபோல் ஆகும். மருத்துவர்கள் இதைத் தாமத விளைவு என்றார்கள். சிகிச்சை நேரத்தில் வரும் சிவப்பும் புண்ணும் ஆறிவிடும், தாமதமாக வருவது பெரும்பாலும் போகாது.

*

இனி குடைக்கு வருவோம்.

தனித்தனி நோய்களாக இவை ரொம்பப் பழசு. 1753இல் நேப்பிள்ஸ் நகரத்து மருத்துவர் கார்லோ கர்சியோ, தோல் மரக்கட்டைபோல் இறுகிப்போன ஓர் இளம்பெண்ணைப் பற்றி எழுதினார். நூறு ஆண்டு கழித்துத்தான் அதற்கு ஸ்க்ளீரோடெர்மா என்று பெயர் வந்தது. கிரேக்கத்தில் 'கெட்டித் தோல்' என்று அர்த்தம், அவ்வளவுதான். லூபஸ் என்றால் லத்தீனில் ஓநாய். முகத்தில் கடித்துக் குதறியதுபோன்ற புண் என்பதால் இடைக்காலத்திலேயே அந்தப் பெயர். லூபஸ் எரித்திமட்டோசஸ் என்ற முழுப்பெயரை 1851இல் பாரிஸின் கசனாவ் கொடுத்தார். அது தோலோடு நிற்காமல் மூட்டு, நுரையீரல், சிறுநீரகம் என்று உள்ளே இறங்கும் என்பதை கபோசி, ஆஸ்லர் ஆகியோர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஒவ்வொன்றாகக் கண்டார்கள்.

இவற்றையெல்லாம் ஓரிடத்தில் கொண்டுவந்து நிறுத்தியவர் பால் கிளெம்பரர். வியன்னாவில் பிறந்து, நியூயார்க் மவுன்ட் சினாய் மருத்துவமனையில் நோய்க்கூறியல் பார்த்தவர். இறந்த லூபஸ் நோயாளிகளின் திசுக்களை நுண்ணோக்கியில் வருடக்கணக்கில் பார்த்துக்கொண்டே இருந்தார். அதுவரை மருத்துவம் உறுப்புகளின் கணக்கில் யோசித்தது. இதய நோய், சிறுநீரக நோய், ஈரல் நோய். லூபஸ் எந்த உறுப்பின் நோய்? எல்லா உறுப்பிலும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கிறதே? கிளெம்பரர் சொன்ன பதில் அழகானது. நோய் உறுப்பில் இல்லை, உறுப்புகளுக்கு இடையில் இருக்கிறது. செங்கற்களை விட்டுவிட்டுச் சாந்தைப் பாருங்கள் என்கிற மாதிரி. செல்களைப் பிடித்துவைத்திருக்கும் இணைப்புத்திசு முழுவதும் ஒரே நேரத்தில் நோயுறுகிறது. 1942இல் இரண்டு சகாக்களோடு சேர்ந்து அவர் எழுதிய கட்டுரை லூபஸையும் ஸ்க்ளீரோடெர்மாவையும் 'பரவலான கொலாஜன் நோய்' என்று ஒரே பெயரில் அழைத்தது.

பெயர் பற்றிக்கொண்டது. தசையழற்சி, ரத்தக்குழாய் அழற்சி, முடக்குவாதம் என்று நாம் சொல்லும் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் எல்லாம் ஒவ்வொன்றாகக் குடைக்குக் கீழே வந்து ஒண்டின. அந்தக் குடைக்குள் இருப்பவை ஒன்றுபோல நடந்துகொள்பவை அல்ல. லூபஸில் உடலின் எதிர்ப்புப் படை தன் சொந்தச் செல்களின் உட்கருவையே எதிரியாக நினைத்துத் தாக்குகிறது. ஸ்க்ளீரோடெர்மாவில் ரத்தக்குழாய் சுருங்குகிறது, நார்த்திசு நிறுத்தாமல் வளர்கிறது. முடக்குவாதம் பிரதானமாக மூட்டுச் சவ்வைத் தின்கிறது. புரியாத நோயையெல்லாம் போட்டுவைக்கும் கூடையாகத் தன் பெயர் ஆகிவிடக் கூடாதே என்று கிளெம்பரரே பின்னாளில் கவலைப்பட்டிருக்கிறார். கவலைப்பட்டு என்ன பண்ண? பெயர் வைத்தவர் கையில் பெயர் நிற்பதில்லை.

இலக்கியம் படிப்பவர்களுக்கு இந்த நோய்கள் ஏற்கெனவே அறிமுகம்தான், பெயர் தெரியாமலே. ஓவியர் பால் க்ளேயின் கடைசி ஐந்து வருடக் கோடுகள் தடித்துப்போனதற்குப் பின்னால் இருந்தது ஸ்க்ளீரோடெர்மாதான் என்று பிற்கால மருத்துவர்கள் கணித்திருக்கிறார்கள். அவர் 1940இல் இறந்தார். ஃபிளானரி ஓ'கானரின் அப்பா 1941இல் லூபஸில் இறந்தார். மகளுக்கும் அதே நோய் வந்தபோது ஹார்மோன் மருந்துகள் வந்துவிட்டிருந்தன. அதனால் பன்னிரண்டு பதின்மூன்று வருடம் எழுத முடிந்தது. 1964இல் கருப்பைக் கட்டி ஒன்றுக்காக அறுவை சிகிச்சை செய்தார்கள். அடங்கிக்கிடந்த லூபஸ் கிளம்பியது. ஆறே மாதத்தில், முப்பத்தொன்பது வயதில் போய்விட்டார். அதில் கதிர்வீச்சுக்கு வேலை இல்லை. ஆனால் ஒரு நோய்க்குப் பார்க்கும் வைத்தியம் உள்ளே உறங்கும் இன்னொரு நோயைத் தட்டி எழுப்பிவிடுமோ என்ற பயம் மருத்துவர்களுக்கு எங்கிருந்து வருகிறது என்று புரிந்துகொள்ள அவருடைய கடைசி ஆறு மாதம் உதவும்.

*

ஸ்க்ளீரோடெர்மாவும் கதிர்வீச்சும் ஒரே இடத்தில் சந்திக்கின்றன. இது தற்செயல் இல்லை, வேதியியல்.

நமக்கு ஒரு வெட்டுக்காயம் பட்டால் ஃபைப்ரோபிளாஸ்ட் என்ற செல்கள் ஓடிவந்து கொலாஜன் நார்களை நெய்து காயத்தை மூடும். மூடியதும் வேலையை நிறுத்திக்கொள்ளும். நிறுத்துவதுதான் முக்கியம். 1970களில் கார்வைல் லெராய் என்ற அமெரிக்க மருத்துவர், ஸ்க்ளீரோடெர்மா நோயாளிகளின் தோலிலிருந்து இந்தச் செல்களை எடுத்துக் கண்ணாடிப் பாத்திரத்தில் வளர்த்தார். உடலைவிட்டு வெளியே வந்த பிறகும் அவை சாதாரணச் செல்களைவிட அதிகமாகக் கொலாஜன் செய்துகொண்டிருந்தன. நிறுத்தச் சொல்லும் செய்தி அவற்றுக்குப் போய்ச்சேரவில்லை.

கதிர்வீச்சு செய்வதும் இதையேதான். கதிர் பட்ட இடத்தில் நுண்ணிய ரத்தக்குழாய்களின் உள்சுவர் அடிபடுகிறது. டிஜிஎஃப்-பீட்டா என்ற சமிக்ஞைப் புரதம் சுரக்கிறது. ஃபைப்ரோபிளாஸ்ட்கள் வேலைக்குக் கிளம்புகின்றன. சாதாரண உடலில் இது ஓரளவுக்குள் நிற்கும். ஸ்க்ளீரோடெர்மா உள்ள உடலில் அதே ரத்தக்குழாய்கள் ஏற்கெனவே அடிபட்டவை, அதே புரதம் ஏற்கெனவே உரக்கக் கத்திக்கொண்டிருக்கிறது. எரிகிற வீட்டில் அடுப்பு மூட்டுவதுபோல. லூபஸின் கதை இவ்வளவு நேராக இல்லை. வெயில் பட்டால் லூபஸ் கிளம்பும் என்பது எல்லா நோயாளிக்கும் தெரியும். அதனால் 'கதிர்' என்ற சொல்லைக் கேட்டதுமே பயம் வருவது இயல்பு. ஆனால் வெயிலின் புற ஊதாக் கதிரும் எந்திரத்தின் எக்ஸ் கதிரும் வேறு வேறு. ஒன்றை வைத்து மற்றதை ஊகிக்க முடியாது.

இந்த ஒப்புமைகளெல்லாம் காரணம் சொல்ல உதவும். எத்தனை பேருக்கு நடக்கும் என்று சொல்ல உதவாது. அதற்கு நோயாளிகள் வேண்டும், அதுவும் இரண்டு நோயும் ஒரே உடலில் வந்த நோயாளிகள். அப்படிப்பட்டவர்கள் ஒரு மருத்துவமனைக்கு வருடத்துக்கு ஒருத்தர் இரண்டு பேர் வந்தால் அதிகம்.

*

இந்த அபூர்வக் கேள்வி திடீரென்று பொதுக்கேள்வி ஆனதற்குக் காரணம் மார்பகப் புற்றுநோயில் நடந்த ஒரு விடுதலை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஜான்ஸ் ஹாப்கின்ஸின் ஹால்ஸ்டெட் வகுத்த முறைப்படி, மார்பகத்தில் கட்டி என்றால் மார்பகம், அதன் அடியிலுள்ள தசை, அக்குளின் நிணநீர்க் கணுக்கள் எல்லாவற்றையும் சேர்த்து வழித்தெடுத்துவிடுவார்கள். முக்கால் நூற்றாண்டு இதுதான் சட்டம். இத்தாலியில் உம்பெர்ட்டோ வெரோனேசியும் அமெரிக்காவில் பெர்னார்ட் ஃபிஷரும் இதை எதிர்த்துப் பரிசோதனை நடத்தினார்கள். 1985இல் ஃபிஷரின் முடிவு வந்தது. கட்டியை மட்டும் எடுத்துவிட்டுக் கதிர்வீச்சு கொடுத்தாலும் உயிர் பிழைப்பதில் வித்தியாசம் இல்லை. அதே ஆய்வின் இருபதாண்டுக் கணக்கு 2002இல் வந்தபோது இன்னொன்றும் தெளிவாகத் தெரிந்தது. கதிர்வீச்சு பெற்றவர்களில் 14.3 விழுக்காட்டினருக்குத்தான் அதே மார்பகத்தில் நோய் திரும்பியது. கட்டியை மட்டும் எடுத்துக் கதிர் கொடுக்காமல் விட்டவர்களில் 39.2 விழுக்காடு.

ஆக, மார்பகத்தைக் காப்பாற்றிக்கொள்ளக் கதிர்வீச்சுதான் கட்டணம். அந்தக் கட்டணத்தைக் கட்ட முடியாத உடல்கள் சில இருக்கின்றன என்பது அடுத்த சில வருடங்களில் வரிசையாக வெளிவர ஆரம்பித்தது. 1987இல் ஆஸ்திரேலியக் கதிரியல் இதழ் ஒன்றில், ஸ்க்ளீரோடெர்மா இருந்தால் மார்பகக் காப்பு சிகிச்சையையே யோசிக்க வேண்டியிருக்கும் என்று ஒரு குறிப்பு. 1989இல் அமெரிக்காவிலிருந்து, ஏற்கெனவே கொலாஜன் நோய் இருந்த பெண்களின் மார்பில் கதிர் கொடுத்ததன் பின்விளைவு பற்றி ஒரு கட்டுரை. அதே வருடம் கனடாவிலிருந்து ஒன்று, தலைப்பிலேயே விஷயம் இருந்தது: லூபஸ் உள்ள ஒரு பெண்ணுக்குக் கருப்பைவாய்ப் புற்றுக்காக இடுப்பில் கொடுத்த கதிர்வீச்சு உயிரைப் பறித்தது. 1991இல் மார்பகம் கடுமையாக இறுகிப்போனவர்களைப் பற்றி இன்னொன்று. அதே 1991இல் ஜான் வார்காவும் சகாக்களும் ஸ்க்ளீரோடெர்மா நோயாளிகள் நான்கு பேரின் கதையை எழுதினார்கள். கதிர் பட்ட இடங்களில் எதிர்பார்த்ததைவிடப் பலமடங்கு நார்த்திசு வளர்ந்திருந்தது.

நான்கு பேர். இந்த எண்ணை நான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்வேன். குறைசொல்ல இல்லை. ஒரு மருத்துவர் தன் கண்முன்னால் ஒரு மார்பு பலகையாக இறுகுவதைப் பார்த்தால் எழுதத்தான் வேண்டும். எழுதாமல் விட்டால் அடுத்த ஊரில் அடுத்தவர் அதே தவறைச் செய்வார். ஆனால் இப்படி வெளியாகும் குறிப்புகளுக்கு ஓர் இயல்பு உண்டு. விபரீதம் நடந்தால்தான் அது இதழில் ஏறும். லூபஸ் உள்ள பெண்ணுக்குக் கதிர் கொடுத்தோம், ஒன்றும் ஆகவில்லை, வீட்டுக்குப் போய்விட்டார் என்று யாராவது கட்டுரை எழுதுவார்களா? எழுதினாலும் யார் போடுவார்கள்? ஊரில் பாம்பு கடித்த கதைதான் சுற்றும். பாம்பு பக்கத்தில் ஊர்ந்துபோன கதை சுற்றாது.

1992இல் அமெரிக்கக் கதிரியல், அறுவைச்சிகிச்சை அமைப்புகள் சேர்ந்து மார்பகக் காப்புச் சிகிச்சைக்கு ஒரு தர வரையறை வெளியிட்டன. யாருக்கெல்லாம் இது ஒவ்வாது என்ற பட்டியலில், கொலாஜன் ரத்தக்குழாய் நோய் இருந்த வரலாறு என்று ஒரு வரி. முழுத் தடை இல்லை, 'சார்புத் தடை'தான். கிளெம்பரரின் குடை அப்படியே வரிக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. லூபஸ், ஸ்க்ளீரோடெர்மா மட்டுமா, முடக்குவாதமும் அந்தக் குடைக்கு அடியில்தானே நிற்கிறது? முடக்குவாதம் அபூர்வ நோய் இல்லை, தெருவுக்கு ஒருத்தருக்கு இருக்கும். அந்த வரியை அட்சரசுத்தமாக வாசித்த ஒரு மருத்துவர், விரல் மூட்டு வீங்கிய ஒரு பெண்ணிடம், உங்களுக்கு மார்பகத்தை எடுப்பதுதான் நல்லது என்று சொல்லிவிடலாம். மற்றப் பெண்களுக்குக் கிடைத்த விடுதலை குடையின் நிழலில் நின்ற பெண்களுக்கு வராமல் போகலாம்.

இதில் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். மார்பகப் புற்றில் 'கதிர் வேண்டாம்' என்பது இழப்பு, ஆனால் உயிருக்கு ஆபத்தில்லை. மார்பகத்தை எடுத்துவிட்டாலும் பிழைப்பதில் வித்தியாசம் இல்லை என்று அதே ஃபிஷரின் ஆய்வுதான் சொல்கிறது. கருப்பைவாய், தொண்டை, மூக்கின் பின்பக்கம் என்று வந்தால் அப்படிக் கதவு திறந்திருக்காது. பல கட்டங்களில் கதிர்வீச்சுதான் பிரதான வைத்தியம். அங்கே 'வேண்டாம்' என்று சொல்வதும் ஓர் ஆபத்தான வைத்தியம்தான், அதன் பக்கவிளைவு புற்றுநோயே.

*

அடுத்து வந்தவர்கள் கதையை விட்டுவிட்டு எண்ண ஆரம்பித்தார்கள்.

1993இல் அயோவா பல்கலைக்கழகத்திலிருந்து ராஸும் சகாக்களும், கொலாஜன் நோய் இருந்து கதிர்வீச்சும் பெற்ற 61 பேரின் பழைய கோப்புகளை எடுத்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு ஜோடி தேடினார்கள். ஏறக்குறைய அதே புற்று, அதே கதிரளவு, ஆனால் கொலாஜன் நோய் இல்லாத இன்னொரு 61 பேர். இரண்டு கூட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மொத்தத்தில் சொல்லிக்கொள்ளும்படியான வித்தியாசம் இல்லை. உடனடி விளைவிலும் இல்லை, தாமத விளைவிலும் இல்லை. அதிர்ச்சியான முடிவுதான். ஆனால் அந்த 61 பேரில் பெரும்பாலோர் முடக்குவாதக்காரர்கள். ஸ்க்ளீரோடெர்மா இருந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். குடையை எண்ணியிருக்கிறார்கள், குடைக்குள் நிற்பவர்களைத் தனித்தனியாக எண்ணுவதற்கு ஆள் போதவில்லை.

1997இல் பாஸ்டனின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையிலிருந்து மாரிஸும் பவலும் அதைச் செய்தார்கள். 209 நோயாளிகள். அதில் முடக்குவாதம் உள்ளவர்களை ஒரு பக்கம், மற்றவர்களை ஒரு பக்கம் பிரித்தார்கள். குடை அங்கேதான் கிழிந்தது. ஐந்து வருடத்தில் கடுமையான தாமத விளைவு முடக்குவாதம் உள்ளவர்களில் 6 விழுக்காடு. லூபஸ், ஸ்க்ளீரோடெர்மா, தசையழற்சி முதலான மற்றவர்களில் 21 விழுக்காடு. 2001இல் யேலிலிருந்து சென், ஹாஃப்டி குழு, மார்பகக் காப்புச் சிகிச்சை பெற்ற 36 கொலாஜன் நோயாளிகளை ஜோடிசேர்த்துப் பார்த்தது. நோய்வாரியாகப் பிரித்தபோது தாமத விளைவில் புள்ளியியல்படி நிற்கக்கூடிய வித்தியாசம் ஸ்க்ளீரோடெர்மாவில் மட்டும்தான் இருந்தது.

அப்படியானால் வார்காவின் நான்கு பேர் பொய்யா? இல்லவே இல்லை. எண்ணிப் பார்த்ததில் கடைசியில் நின்றது அவர்கள் சொன்னதுதான், ஸ்க்ளீரோடெர்மா ஆபத்து என்பது. பொய்த்துப்போனது அந்த நான்கு பேரின் கதையை மொத்தக் குடைக்கும் நீட்டியதுதான். அறிவியலில் எண்ணிக்கை கதையை வென்றது என்று இதைச் சொல்லிவிட எனக்கு மனமில்லை. கதை எங்கே பார்க்க வேண்டும் என்று சொன்னது, எண்ணிக்கை எங்கே நிற்க வேண்டும் என்று சொன்னது.

இந்த எண்ணிக்கைகளுக்கும் ஓட்டை உண்டு. எல்லாமே பழைய கோப்பைத் திருப்பிப் பார்த்தவை. கோப்பில் இருப்பவர்கள் யார்? மருத்துவர் தைரியமாகக் கதிர் கொடுத்தவர்கள். தோல் ஏற்கெனவே பலகையாக இருந்தவரை, லூபஸ் கொழுந்துவிட்டு எரிந்துகொண்டிருந்தவரை அவர் முதலிலேயே திருப்பி அனுப்பியிருப்பார். அவர்கள் எந்தக் கணக்கிலும் இல்லை. ஆக கோப்பு சொல்லும் ஆபத்து, வடிகட்டிய பிறகு மிஞ்சிய ஆபத்து. 'பெரிய வித்தியாசம் இல்லை' என்ற வரியைப் படித்துவிட்டு வடிகட்டாமல் எல்லாருக்கும் கொடுத்தால் அந்த வரி உண்மையாக இருக்காது.

அமெரிக்கக் கதிரியல் அமைப்பின் வழிகாட்டுதல்கள் பிற்பாடு மாறின. ஸ்க்ளீரோடெர்மாவுக்கும், அடங்காமல் கிளம்பியிருக்கும் லூபஸுக்கும் பெரும்பாலான மருத்துவர்கள் கதிர் கொடுப்பதில்லை, முடக்குவாதம் ஒரு தடையே இல்லை என்று தெளிவாகவே எழுதினார்கள். இன்றைக்கு அமெரிக்காவில் பரவலாகப் பின்பற்றும் என்சிசிஎன் வழிகாட்டியில் இருப்பது, தோலைப் பாதிக்கும், தற்போது தீவிரமாக உள்ள இணைப்புத்திசு நோய், குறிப்பாக ஸ்க்ளீரோடெர்மாவும் லூபஸும் என்ற வரி. பழைய வரியில் நோய் 'இருந்த வரலாறு' போதும். புதிய வரியில் அது தோலில் இருக்க வேண்டும், இப்போது இருக்க வேண்டும். கூடுதலாகச் சேர்ந்த இரண்டு மூன்று சொற்களுக்குப் பின்னால் சில நூறு நோயாளிகளின் கோப்புகள் இருக்கின்றன.

*

ஒரு வேடிக்கை. இதே நோய்களுக்குக் கதிர்வீச்சையே மருந்தாகக் கொடுத்த காலமும் உண்டு.

முதுகெலும்பை மூங்கில்போல் ஒட்டவைத்துவிடும் ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் என்ற வாத நோய்க்கு, பிரிட்டனில் 1930களிலிருந்து எக்ஸ் கதிர் கொடுத்தார்கள். வலி நன்றாகவே குறைந்தது. 1957இல் கோர்ட் பிரவுனும் ரிச்சர்ட் டாலும் அப்படிச் சிகிச்சை பெற்ற பதிமூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைத் தேடிப்பிடித்து எண்ணினார்கள். ரத்தப் புற்று எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு இருந்தது. கதிருக்கும் ரத்தப் புற்றுக்கும் உள்ள உறவைப் பற்றி நமக்கு இன்று தெரிந்ததில் ஒரு பெரும்பகுதி ஹிரோஷிமாவிலிருந்து வந்தது என்றால், இன்னொரு பகுதி இந்த முதுகுவலிக்காரர்களிடமிருந்து வந்தது. 1980களில் ஸ்டான்ஃபோர்டில் லூபஸ் சிறுநீரகக்காரர்களுக்கும் முடக்குவாதக்காரர்களுக்கும் நிணநீர்க் கணுக்கள் முழுவதற்கும் கதிர் கொடுத்துப் பார்த்தார்கள், எதிர்ப்புப் படையை அடக்க.

இன்னும் சமீபமானது ஸ்க்ளீரோடெர்மாவில்தான். 2018இல் முடிவு வந்த ஓர் ஆய்வில் 75 கடுமையான நோயாளிகளில் பாதிப் பேருக்கு, முழு உடலுக்கும் 8 கிரே கதிர் கொடுத்து எதிர்ப்புப் படையைத் துடைத்துவிட்டு, அவர்களுடைய சொந்த ஸ்டெம் செல்களைத் திருப்பிச் செலுத்தினார்கள். மருந்து மட்டும் பெற்றவர்களைவிட இவர்கள் நன்றாக இருந்தார்கள். எந்த நோய்க்குக் கதிர் ஆகவே ஆகாது என்றார்களோ அதே நோய்க்கு! ஆனால் நுரையீரலையும் சிறுநீரகத்தையும் கவசம்போட்டு மறைத்து, அங்கே 2 கிரேக்கு மேல் போகாமல் பார்த்துக்கொண்டார்கள். பழைய நான்கு பேரின் பயம் அந்தக் கவசத்தில் இருக்கிறது.

இன்னொன்று, இதைவிட விசித்திரம். ஸ்க்ளீரோடெர்மா நோயாளிகளில் ஒரு பிரிவினருக்கு ஆர்என்ஏ பாலிமரேஸ்-3 என்ற நொதிக்கு எதிரான எதிர்ப்புப்பொருள் ரத்தத்தில் இருக்கும். இவர்களுக்குப் புற்றுநோயும் தோல் இறுக்கமும் அடுத்தடுத்து வருவதை ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்கள் கவனித்தார்கள். 2014இல் அப்படிப்பட்ட எட்டுப் பேரின் புற்றுக்கட்டிகளை எடுத்து மரபணுவைப் படித்தார்கள். ஆறு பேரின் கட்டியில் அந்த நொதியை உண்டாக்கும் மரபணுவே பழுதாகியிருந்தது. அதாவது கட்டியில் ஒரு புரதம் உருமாறியது. உடல் அதை எதிரி என்று சரியாகவே அடையாளம் கண்டு தாக்கியது. தாக்குதல் கட்டியோடு நிற்காமல் தன் சொந்தத் தோலுக்கும் பரவியது. இது எல்லா ஸ்க்ளீரோடெர்மாவுக்கும் பொருந்தாது. ஆனால் இந்தச் சிலரிடத்தில் 'இரண்டு நோய்' என்ற பேச்சே தடுமாறுகிறது. அவர்களுடைய தோல் இறுகியது புற்றுநோயோடு போட்ட சண்டையில். அந்தத் தோலைக் காட்டித்தான் புற்றுநோய்க்குக் கதிர் கொடுக்கத் தயங்குகிறோம்.

இன்று கதிர்வீச்சுத் துறையில் விவரமான மருத்துவர் ஒருவர் முதல் நாளே சில கேள்விகள் கேட்பார். குளிரில் விரல் வெளுத்து நீலமாகிறதா? விழுங்கும்போது நெஞ்சில் நிற்கிறதா? மோதிரம் கழற்ற முடியாமல் போனதா? ஆமாம் என்றால் வாதநோய் மருத்துவரிடம் அனுப்பிவிட்டுத்தான் அடுத்த வேலை. கொடுத்தே தீர வேண்டுமென்றால் படுகிற பரப்பைச் சுருக்குவார். கட்டி இருந்த இடத்துக்கு மட்டும் கதிர் கொடுத்து மீதி மார்பை விட்டுவிடும் முறை இப்போது வந்துவிட்டது. யோசித்துப் பார்த்தால் குடைக்குக் கீழே நிற்பவர்களுக்குத்தான் இது மற்ற எல்லாரையும்விடத் தேவை.

அந்த முறையை அமெரிக்காவில் பெரிய அளவில் சோதித்த ஆய்வு 2005இல் தொடங்கியது. 4,216 பெண்கள் சேர்ந்தார்கள். 2019இல் முடிவு வெளியானது. அதில் யாரைச் சேர்க்கக் கூடாது என்ற பட்டியலில் லூபஸ், ஸ்க்ளீரோடெர்மா, தீவிரமான தசைத்தோல் அழற்சி ஆகிய மூன்றும் இருந்தன.